சிங்காரவேலுவின் பச்சைச் சாராயம்

சேலியமேட்டில் சாராயத்தை வாயில் வைக்காத ஆண்பிள்ளைகளை எண்ணப் புகுந்தால் ஒரு கையிலேயே விரல்கள் மிஞ்சிப்போகும். அந்தக் கையின் முதல் விரல் சிங்காரவேலு. அவனுக்கு வாடையே ஆகாது. கூழ் ஊற்றும் திருவிழாவில் பந்தலுக்குப் பின்னால் குடத்தை இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய் உட்காருவான். அப்படிப்பட்டவன் பாகூர் சாராயக்கடை வாசலில் பாட்டிலும் கையுமாக நிற்கத் தொடங்கியபோது ஊர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எல்லாரும் ஒரு நாள் வந்து சேரவேண்டிய இடத்துக்கு அவனும் வந்து சேர்ந்தான் என்று கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டது.

உண்மையில் அவனை அங்கே கொண்டுவந்து விட்டது ஆடாதொடை இலை.

அவனுடைய அப்பா கரும்பும் நெல்லும் பயிரிட்டவர். மகனாவது சட்டை கசங்காமல் பிழைக்கட்டும் என்று புதுச்சேரிப் பட்டணத்தில் ஒரு பிரெஞ்சுக்கார மெசியேவின் மருந்துக்கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிங்காரவேலுவுக்குக் கிடைத்தது புட்டி கழுவும் வேலை. அங்கே அவன் கற்ற பிரெஞ்சு பாஷையும் அந்த வேலைக்குப் போதுமான அளவுதான். ‘லவே’ என்றால் கழுவு. ‘துஸ்மா’ என்றால் மெல்ல. ‘ஆம்பெசில்’ என்பது தனக்கு மெசியே வைத்திருக்கும் செல்லப் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதற்கு மடையன் என்று பொருள் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

மெசியேவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. மத்தியானம் கடையைச் சாத்தியதும் இந்த ஊர் மருந்துச் செடிகளின் இலையையும் பூவையும் நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார். நோயைத் தீர்ப்பது இலையின் சாரமா, அதன் நிறமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு முதலில் நிறத்தைத் தனியே பிரிக்க வேண்டும். ஒரு நாள் பச்சையாக இறங்கிய ஆடாதொடைச் சாற்றின் மேல் மெல்லிய எண்ணெய் ஒன்றை ஊற்றிக் குலுக்கி வெளிச்சத்தில் வைத்தார். குலுக்கியது அடங்கியதும் புட்டிக்குள் பச்சை முழுக்க எண்ணெயோடு மேலே ஏறிப்போய் நின்றது. அடியில் சுத்தமான மஞ்சள், வெயிலில் பிடித்த தேன் மாதிரி, தங்கிவிட்டது.

பச்சை இலைக்குள் மஞ்சள். சிங்காரவேலு பார்த்தான். கையில் கழுவிக்கொண்டிருந்த புட்டி கீழே விழுந்து உடைந்தது. மெசியே செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அப்புறம் அப்பா காலமாகிவிட்டார். சிங்காரவேலு ஊருக்குத் திரும்பிக் கரும்பு நட்டான், வில்லியனூருக்குப் பக்கத்துக் கூடப்பாக்கத்தில் கஸ்தூரியைக் கல்யாணம் செய்துகொண்டான், மாடு வாங்கினான், மாடு விற்றான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வேலி ஓரம் ஆடாதொடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. ஆடாதொடையில் மஞ்சள் இருந்தால் நொச்சியில் இருக்காதா? தூதுவளையில்? குப்பைமேனியில்? செம்பருத்தியின் சிவப்புக்குள் வேறு ஏதாவது ஒளிந்திருந்தால்?

ஒரு வருஷம் கரும்பு வெட்டு முடிந்து கை ஓய்ந்தது. கன்றுக்குட்டிக் கொட்டகையில் ஒரு மூலையைப் பெருக்கி, பழைய கொயினா மருந்துப் புட்டிகள், கழுத்து உடைந்த சோடா பாட்டில்கள் என்று வரிசையாக அடுக்கினான். எண்ணெய்க்கு மண்ணெண்ணெய் இருந்தது. ஸ்பிரிட்டுக்குத்தான் வழியில்லை. யோசித்துப் பார்த்ததில், பிரெஞ்சுக் கொடி பறக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை என்று பட்டது.

சாராயக்கடை குத்தகைக்காரர் மாரிமுத்து அவனைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வா சிங்காரம். உன்னைப் பாக்க குடுத்து வச்சிருக்கணும். எந்தச் சரக்கு வேணும்?”

“எரியிற சரக்கு வேணுங்க.”

“எல்லாமே தொண்டையில எரியும்பா.”

“தொண்டையில இல்லீங்க. நெருப்பு வச்சா எரியணும்.” சிங்காரவேலு ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினான். குச்சி ‘சுர்’ரென்று அணைந்தது. “இதுல தண்ணி சாஸ்தியா இருக்குது. தண்ணி இருந்தா எலையில இருந்து பச்ச எறங்காது.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் தங்கள் குவளையைப் பார்த்துக்கொண்டார்கள். மாரிமுத்து அவசர அவசரமாக உள்ளே போய், யாருக்கும் தராத ஜாடியிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அது நீல நிறமாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. அன்று சாயங்காலமே செய்தி பரவிவிட்டது: சிங்காரவேலு குடிக்கிறான், அதுவும் சாதாரணச் சரக்கு அவனுக்குப் பத்தவில்லை.

வீட்டில் கஸ்தூரி புட்டியை முகர்ந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது?”

“ஆடாதொட.”

“ஆடாதொட எனக்குத் தெரியாதா? அது எதுல முழுவிக் கெடக்குதோ, அது இன்னா?”

“சாராயம்.”

“எலைக்கு எதுக்குங்க சாராயம்?”

“தண்ணியில போட்டா நெறம் எறங்காது. இதுல எறங்கிடும்.”

“ஆம்பளைங்களுக்கும் அப்படித்தான் எறங்குதாம். வெறும் தண்ணி பத்தாதாம்,” என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்தாள். விளக்கில் மண்ணெண்ணெய் இல்லை. அதையும் புருஷன் இலைக்குத்தான் ஊற்றியிருந்தான். அன்று இருட்டுவதற்குள் எல்லாரும் சாப்பிட்டுப் படுக்க வேண்டியதாயிற்று.

செய்தி கூடப்பாக்கம் போய்ச் சேர அதிக நாள் பிடிக்கவில்லை. போகும் வழியில் அது வளர்ந்தும்விட்டது. ஒரு காலையில் கஸ்தூரியின் அம்மா ருக்குமணியம்மாள், மூத்த மகன் வீரப்பனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் நியாயம் கேட்க வந்து இறங்கினாள். வீரப்பன் குடிகார மாப்பிள்ளைகளை அறவே வெறுப்பவன். வெறுப்பு அதிகமாகிவிடும் நாட்களில் வில்லியனூர்க் கடையில் போய் உட்கார்ந்து அதை ஆற்றிக்கொள்வான். அன்று காலையிலேயே கொஞ்சம் வெறுப்பாகத்தான் இருந்தான்.

ருக்குமணியம்மாள் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லாதவள். கொட்டகை வாசலில் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு மகளிடம் சொன்னாள்.

“கஸ்தூரி, மாப்ளைய கேளு. காலங்காத்தாலயே குடிக்கிறாராமே, நெசமா?”

“அவரு குடிக்கலம்மா. எலைங்கதான் குடிக்குது.”

“எலையா?”

சிங்காரவேலுவுக்கு வேறு வழி தெரியவில்லை. பேசிப் பழக்கமில்லை, காட்டித்தான் பழக்கம். ஊறிக்கொண்டிருந்த நொச்சிச் சாற்றை ஒரு புட்டியில் ஊற்றினான். அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினான். கட்டைவிரலால் வாயை அடைத்துக் குலுக்கி மரக்கட்டை மேல் வைத்தான். மாமியார் கடைக்கண்ணால் பார்த்தாள். பச்சை மேலே ஏறியது. மஞ்சள் கீழே நின்றது.

“மாப்ளைய கேளு, மஞ்சத்தூள் போட்டாரா?”

“போடல அத்த. அது எலையிலயே இருக்குது. பச்ச அத மறைச்சிக்கினு இருந்துது. ஒரு வூட்டுல ரெண்டு பொண்ணுங்கன்னு வச்சிக்குங்க. பச்ச கட்டிக் குடுத்த எடத்தோட போயிடுது. மஞ்சள் தாய்வூட்டுலயே நின்னுடுது.”

ருக்குமணியம்மாள் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். மெல்லத் திரும்பி உள்ளே வந்தாள்.

“செம்பருத்தி?”

“அது தாய்வூட்டுப் பொண்ணு அத்த. எம்மாம் குலுக்கினாலும் எண்ணெய்க்குப் போவாது.”

“துலுக்க சாமந்தி?”

“அது எண்ணெயோட ஓடிடும்.”

“அந்தப் பூவ பாத்தாலே எனக்குத் தெரியும்,” என்றாள் ருக்குமணியம்மாள். மகள் வழியாகப் பேசவேண்டும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சங்குப்பூ, ஆவாரம்பூ, பொன்னாங்கண்ணி என்று ஒவ்வொன்றின் நடத்தையையும் விசாரித்தாள். பொன்னாங்கண்ணியின் சிவப்பு தாய்வீட்டை விட்டுப் போகாது என்று கேட்டபோது “நல்ல கீர,” என்று பாராட்டினாள். கடைசியாகக் கேட்டாள்: “எல்லாம் நல்லாத்தான் இருக்குது மாப்ள. இதனால இன்னா ஆவப்போவுது?”

சிங்காரவேலு யோசித்தான். “தெரிஞ்சிக்கலாம் அத்த.”

“தெரிஞ்சிக்கினு?”

“அடுத்த எலைய பாக்கலாம்.”

இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோது வீரப்பனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவன் கொட்டகையின் பின்பக்கம் போயிருந்தான். அங்கே சுவரோரம் ஒரு பெரிய புட்டி நிறையக் கரும்பச்சையாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. வாடை நல்ல வாடை. இலை கிடந்ததால் மூலிகை என்று தெரிந்தது, உடம்புக்கு நல்லது. மாப்பிள்ளையின் குடியை ஒழிக்க வந்த இடத்தில் சரக்கை விட்டுவைக்கவும் கூடாது. எல்லாவற்றையும் யோசித்து அவன் புட்டியைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டான்.

அது குப்பைமேனி. சளி கட்டிய குழந்தைக்கு அதன் சாற்றைச் சங்கில் ஒரு துளி கொடுத்தாலே குழந்தை வாந்தி எடுத்துச் சளி வெளியே வந்துவிடும். வீரப்பன் குடித்ததோ இரண்டு நாள் சாராயத்தில் ஊறிய அரைப் புட்டி.

முதலில் கிணற்றடியில் வீரப்பனின் குரல் கேட்டது. அப்புறம் குரல் கேட்கவில்லை, வேறு சத்தங்கள்தான் கேட்டன. காலையில் உண்ட கூழ் போயிற்று. முதல் நாள் மீன் குழம்பு போயிற்று. அப்புறம் போக ஒன்றுமில்லாதபோதும் வயிறு தன் முயற்சியைக் கைவிடவில்லை. ருக்குமணியம்மாள் தலையில் தண்ணீர் ஊற்றினாள். கஸ்தூரி மோர் கரைத்துக்கொண்டு ஓடினாள். சிங்காரவேலு பாதி காலியான புட்டியைத் தூக்கிப் பார்த்து, “இன்னும் எண்ணெய் ஊத்திப் பாக்கவேயில்ல,” என்று வருத்தப்பட்டான்.

“ஏன் மாப்ள,” என்றான் வீரப்பன், துவைகல்லைக் கட்டிப்பிடித்தபடி, “நான் இன்னா பண்ணன் உனக்கு?”

அடுத்த வாரம் வீரப்பனின் மனைவி ஆதிலட்சுமி ஒரு பெரிய பறங்கிக்காயோடு தனியாக வந்து இறங்கினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று சிங்காரவேலு கொட்டகைக்குள் போய்விட்டான். அவள் அங்கேயே வந்து பறங்கிக்காயை அவன் காலடியில் வைத்தாள்.

“அண்ணே, அவரு கடைப்பக்கமே போவல. அந்த வாட பட்டாலே ஓங்கரிக்கிறாரு. தெருவுல குடிச்சிட்டு ஒருத்தர் எதுக்க வந்தா இவரு ஓடிப்போயி வேலியோரம் குந்திக்கிறாரு. அந்தத் தண்ணி இன்னும் கொஞ்சம் இருந்தா குடுங்க. எங்க தெருவுல நாலு வூட்டுல கேக்கறாங்க.”

“அது மருந்து இல்லம்மா. நெறம் பாக்கறதுக்கு வச்சிருந்தன்.”

“இன்னாவோ ஒண்ணு. குடுங்க.”

அதோடு சிங்காரவேலுவின் நிம்மதி போயிற்று. கிருமாம்பாக்கத்திலிருந்து வந்தார்கள், குருவிநத்தத்திலிருந்து வந்தார்கள். முருங்கைக்காய், வெல்லம், அடைகாக்கும் கோழி என்று கையில் கிடைத்ததோடு வந்த பெண்கள் கன்றுக்குட்டிக்கு இடமில்லாமல் கொட்டகையை நிறைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவன் பொறுமையாகப் புட்டியைக் குலுக்கிப் பச்சையையும் மஞ்சளையும் காட்டினான். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்து நீலம் சிவப்பாவதைக் காட்டினான். செம்பருத்திச் சாற்றில் சுண்ணாம்புத் தெளிவை விட்டுப் பச்சையாக்கினான். அவர்கள் மரியாதைக்கு எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

“ரொம்ப அழகா இருக்குதுங்க,” என்றாள் ஒருத்தி. “இதுல எதக் குடிச்சா வாந்தி வரும்?”

கடைசியில் கஸ்தூரிதான் விவகாரத்தைக் கையில் எடுத்தாள். புருஷனை இலைகளோடு விட்டுவிட்டு வாசலில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்பைமேனியை அரைத்து, கொஞ்சமாகச் சாராயம் சேர்த்து, வருகிறவளிடம் முதலில் கேள்வி கேட்டாள்: உன் வீட்டுக்காரருக்கு வயது என்ன, ஆள் நோஞ்சானா, நெஞ்சு வலி உண்டா? ஆள் தாங்குவான் என்று தெரிந்தால்தான் கொட்டாங்கச்சியில் அளந்து கொடுப்பாள். தாங்கமாட்டான் என்றால், “அவரு குடிச்சிட்டே இருக்கட்டும், உயிரோட இருக்கட்டும்,” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பெண்டாட்டி எதில் கலந்து வைத்திருக்கிறாளோ என்று அந்த வட்டாரத்து ஆண்கள் வீட்டில் மோரைக்கூட முகர்ந்து பார்த்துக் குடிக்கும் காலம் வந்தது.

மாரிமுத்துவின் கடையில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவர் கொஞ்ச நாள் சாமி குற்றம் என்று நினைத்துப் பூசை போட்டுப் பார்த்தார். காரணம் தெரிந்ததும் புதுச்சேரிக்குப் போய், சேலியமேட்டில் ஒருவன் பச்சை நிறத்தில் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறான் என்று மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாராயத் தீர்வை அதிகாரி ஒரு பிரெஞ்சுத் துரை. ஒல்லியான, வெயிலில் சிவந்துபோன மனிதர். அவரோடு துபாஷி அந்தோணிசாமியும் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ஒருவனும் வந்தார்கள். மாரிமுத்துவும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார். கொட்டகையைச் சோதித்தார்கள். அடுப்பு இல்லை. ஊறல் பானை இல்லை. வைக்கோலுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது சிப்பாயின் விரலைக் கொத்தியது. மற்றபடி எங்கே பார்த்தாலும் நிறம் நிறமாகப் புட்டிகள்.

“தொர கேக்கறாரு, இதெல்லாம் இன்னா?” என்றார் அந்தோணிசாமி.

“நெறங்க சாமி. எலையில இருந்தும் பூவுல இருந்தும் பிரிச்சது.”

துபாஷி மொழிபெயர்த்தார். துரையின் புருவம் உயர்ந்ததைப் பார்த்தால், துபாஷி வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். துரை ஒரு புட்டியை எடுத்து வேகமாகக் குலுக்கப்போனார்.

“துஸ்மா, மெசியே,” என்றான் சிங்காரவேலு.

துரை கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். சேலியமேட்டுக் கன்றுக்குட்டிக் கொட்டகையில் கோவணம் கட்டிய ஒருவன் தன்னிடம் தன் பாஷையிலேயே மெல்ல என்று சொல்வதை அவர் எதிர்பார்க்கவில்லை. புட்டியைப் பூப்போலக் கீழே வைத்தார். சிங்காரவேலு அதை வாங்கி மண்ணெண்ணெய் ஊற்றி, எப்படிக் குலுக்க வேண்டுமோ அப்படிக் குலுக்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்தான். துரை சம்மணம் போட்டு மாட்டுக்கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். துபாஷியும் உட்கார வேண்டியதாயிற்று. அவருடைய கால்சராய் வெள்ளை.

துரை ஒவ்வொரு புட்டியாகக் காட்டச் சொன்னார். நீலச் சங்குப்பூ வந்தபோது தொப்பியைக் கழற்றி வைத்தார். கடைசியில் சாராயம் எங்கே வாங்குகிறாய் என்று கேட்கச் சொன்னார்.

“இவரு கடையிலதாங்க,” என்று சிங்காரவேலு மாரிமுத்துவைக் காட்டினான். அந்த மனிதரிடம் அவனுக்கு நன்றி உண்டு, நல்ல வார்த்தை நாலு சொல்ல நினைத்தான். “எனக்குன்னா உள்ள இருந்து எரியிற சரக்கா எடுத்துக் குடுப்பாரு. பெஞ்சுல குடிக்கிறவங்களுக்கு ஊத்தறது இதுக்கு ஒதவாதுங்க. அது தீக்குச்சிய அணைச்சிடும்.”

துபாஷி இதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். மாரிமுத்து வாசலை நோக்கி நகர்ந்தார். சிப்பாய் வாசலில் நின்றான்.

தீர்ப்பை அங்கேயே சொன்னார்கள். சிங்காரவேலு காய்ச்சவில்லை, விற்கவில்லை, குடிக்கவும் இல்லை. தீர்வை கட்டிய சாராயத்தை வாங்கி இலையின் மேல் ஊற்றுகிறான். சாராயத்தை வீணாக்குவது பிரெஞ்சு சட்டத்தில் குற்றமாக எழுதப்படவில்லை. தீர்வை கட்டிய சாராயத்தில் குளத்துத் தண்ணீர் கலப்பதோ எழுதப்பட்டிருக்கிறது. அன்று மாலையே பாகூர்க் கடை ஜாடிகளுக்கு அரக்கு முத்திரை வைத்து, கடையைப் பூட்டிவிட்டார்கள்.

பெண்கள் கஸ்தூரிக்கு மாலை போட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்ட அந்த வாரத்தில் துக்கமாக இருந்த ஒரே ஆள் சிங்காரவேலு. அவனுக்கு இனி சாராயம் கிடையாது. ஊமத்தம்பூ அப்போதுதான் பூத்திருந்தது. தண்ணீரில் போட்டுப் பார்த்தான், எண்ணெயில் போட்டுப் பார்த்தான், ஒன்றும் சரிப்படவில்லை. சாப்பாடு குறைந்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் மடையைத் திறந்துவிட்டு அடுத்தவன் வயல் முழுகும்வரை வரப்பில் நின்றுகொண்டிருந்தான்.

கஸ்தூரி இதைச் சில நாள் பொறுத்தாள். அப்புறம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வில்லியனூர் சாராயக்கடையில் இருந்தவர்கள் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதியும் கையில் கோயில் அர்ச்சனைத் தட்டுமாக ருக்குமணியம்மாள் கடைக்குள் நுழைந்தாள். மகன் வீரப்பன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். “யாருக்கு ஆயா?” என்று கடைக்காரன் கேட்டான். “மாப்ளைக்கு,” என்றாள் அவள். “நல்லதா குடு. தண்ணி கலந்து குடுத்தின்னா அவருக்குத் தெரிஞ்சிடும்.” பாட்டிலைத் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் படுக்கவைத்து, மேலே மாலையைப் போட்டு மூடி, வண்டி ஏறினாள்.

அதற்குப் பிறகு சிங்காரவேலு ரொம்பக் காலம் இருந்தான். அவன் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. மெசியே தேடிய விடையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. நோயைத் தீர்ப்பது சாரமா நிறமா என்பது கடைசிவரை தெரியவில்லை. வீரப்பனைப் பொறுத்தவரை சாரம்தான் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வான். ஊரில் அவனைக் குடி நிறுத்தும் வைத்தியர் என்றே சொன்னார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய்ப் பிறகு விட்டுவிட்டான்.

ஒரு மாசி மாதம் பகலில் அவன் பூவரச இலையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி கன்றுக்குட்டிக்குத் தவிடு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. மடியிலிருந்து ஒரு பழுத்த பூவரச இலையை எடுத்து அவனிடம் நீட்டினாள். முழுக்க மஞ்சள்.

“இதப் போட்டுப் பாருங்க.”

போட்டான். ஊறட்டும் என்று இருவரும் சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி வைத்தபோது, எண்ணெய் ஏறக்குறைய ஊற்றின மாதிரியே நிறம் ஏறாமல் மேலே நின்றது. பச்சை இல்லை. அடியில் மஞ்சள் மட்டும் இருந்தது.

“அப்ப, பழுக்கும்போது மஞ்சள் புதுசா வரல,” என்றாள் கஸ்தூரி. “முன்னமே இருந்துது. பச்சதான் பூடுச்சி.”

“ஆமா.”

“எங்க பூடுச்சி?”

சிங்காரவேலு புட்டியைக் கீழே வைத்தான். இத்தனை வருஷமாக மருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வாந்தியைப் பற்றித்தான் கேட்டார்கள், இவள் கேட்டது நிறத்தைப் பற்றி. அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

“தெரியலடி,” என்றான். அவளுக்கு உட்கார மரக்கட்டையை நகர்த்திப் போட்டான்.